வீரா எவோ 3-க்கு ஸ்பார்க் பிளக் தேர்ந்தெடுத்த அனுபவம்: 1.1-லிருந்து 0.6 வரை

பத்தாங்காலி வழியாகக் கெந்திங் மலை ஏறும் சாலையில்தான் முதலில் தெரிந்தது. மூன்றாம் கியரில் முழுதாக மிதித்தால் 4,500 சுற்று வரை வண்டி நன்றாக இழுக்கும். டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டர் முள் 1.1 பாரைத் தொட்டதும் பட் பட் என்று வெடித்து இழுவை அறுந்துவிடும். காலை எடுத்தால் அந்த நொடியே சரி. பாதி மிதியில் கிள்ளானிலிருந்து ஈப்போ வரை போனாலும் ஒரு குறையும் தெரியாது.

வண்டி 1996 புரோட்டோன் வீரா. உள்ளே லான்சர் எவொலூஷன் 3-இன் 4ஜி63 டர்போ எஞ்சின். மலேசியாவில் இது பழகிப்போன வேலை. வீராவும் அந்தத் தலைமுறை லான்சரும் ஒரே உடம்பு. அதனால் ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் எவோவைப் பழைய வண்டிப் பாகம் விற்கும் போத்தோங் கடையில் வாங்கி இதில் இறக்கிவிடுவார்கள். 1995-இல் வந்த எவோ 3-க்கு ஆலையிலேயே 270 குதிரை, 1,997 சிசி. என் வண்டியின் எஞ்சின் மாற்றம் புஸ்பாகோம் வாகனச் சோதனை முடிந்து, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே பதிவிலும் ஏறியிருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன் பூஸ்ட் கன்ட்ரோலர் போட்டு, ரான் 97 (ஆக்டேன் 97) பெட்ரோலுக்கு 1.2 பாரில் டியூன் செய்தோம். அதே வாரம், சிலிண்டருக்குள் பொறி விட்டுக் கலவையைப் பற்றவைக்கும் பிளக்கும் புதிதாகப் போட்டேன். இந்தப் பதிவு அந்தப் பிளக்கைப் பற்றியது.

பூஸ்டில் வண்டி இப்படி வெட்டுவதைச் சொன்னபோது பாதிப்பேர் பெட்ரோல் பம்ப் என்றார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டரில் முழு மிதியில் 11.5-இல் நிற்கும் எண், வண்டி வெட்டும் நேரத்தில் 14-ஐத் தாண்டிக் குதிக்கும். பார்த்தவுடன் பெட்ரோல் போதவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் தீ பிடிக்காமல் போன சிலிண்டரிலிருந்து எரியாத ஆக்ஸிஜன் அப்படியே புகைபோக்கிக்கு வருகிறது; சென்சார் அந்த ஆக்ஸிஜனைத்தான் எண்ணுகிறது. எரியாத பெட்ரோலை அதனால் அளக்க முடியாது. ஆகவே பொறி தவறினாலும் மீட்டரில் பெட்ரோல் குறைந்தது போலவே காட்டும். இது தெரியாமல் பம்ப் மாற்றியவர்கள் நிறைய.

சின்ன வயதிலிருந்து நான் போய் நிற்கும் பட்டறையின் அண்ணனிடம் கேட்டேன்.

"அண்ணே, பம்பு பார்க்கட்டுமா?"

"பம்பு நானூறு வெள்ளி தம்பி. பிளக்கு கழட்ட ஒரு காசும் ஆகாது. முதல்ல கழட்டு, நாலையும் வரிசையா வச்சிட்டு என்னைக் கூப்பிடு."

எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தேன். அலுமினியத் தலை சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரை போய்விடும், இதில் அவசரமே கூடாது. நடு மூடியைக் கழற்றி, நான்கு ஒயர்களுக்கும் டேப்பில் எண் எழுதி ஒட்டி, ரப்பர் தொப்பியைப் பிடித்து இழுத்தேன். ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே அறுந்துபோகும். பிறகு கம்ப்ரசர் காற்றால் குழிகளை ஊதிவிட்டுத்தான் 21 மில்லி பிளக் சாக்கெட்டை இறக்கினேன். குழியில் கிடக்கும் ஒரு மணல் துகள் போதும், சிலிண்டருக்குள் விழுந்தால் சுவரைக் கீறிவிடும். மூன்றாம் குழியில் ஓரத்தில் கொஞ்சம் ஆயில் கசிந்து நின்றது. அதைத் துடைத்துவிட்டு, பிளக்குகளைப் பழைய செய்தித்தாளில் 1, 2, 3, 4 என்று வைத்தேன்.

நான்கும் என்ஜிகே பிபிஆர்6இஐஎக்ஸ்-11. இரிடியம். நான்தான் வாங்கிப் போட்டேன். மரை பொருந்துகிறது, இரிடியம் என்றால் நல்லது என்ற இரண்டு காரணம் மட்டுமே அப்போது என்னிடம் இருந்தது.

அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. முதல் பி என்பது 14 மில்லி மரை, 20.8 மில்லி அறுகோணம். அடுத்த பி, பீங்கான் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை. ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. பொறி கிளப்பும் மின் இரைச்சல் எஞ்சின் கணினியான இசியூவைக் குழப்பாமல் இருக்க அது கட்டாயம் வேண்டும். 6 ஹீட் ரேஞ்ச், அதாவது பிளக் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியே கடத்துகிறது என்பதன் எண். இ என்பது 19 மில்லி மரை நீளம். ஐஎக்ஸ் இரிடியம். கடைசியில் வரும் 11, கேப், அதாவது பொறி தாவும் இடைவெளி, 1.1 மில்லி என்று சொல்கிறது. டர்போ வண்டிக்காரர் முதலில் பார்க்க வேண்டியவை அந்த 6-உம் 11-உம்தான். நான் இரண்டையும் பார்க்காமல் வாங்கியிருக்கிறேன்.

அண்ணன் குனிந்து பார்த்தார். பீங்கானை முதலில் பார்க்காமல், மேலே வளைந்து நிற்கும் கம்பியைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, "ஒண்ணையும் மூணையும் பக்கத்துல வச்சுப் பாரு" என்றார்.

1-இலும் 2-இலும் வளைகம்பியின் அடிப்பக்கம் தட்டையாக, கிட்டத்தட்டப் புதிதாக இருந்தது. 3-இலும் 4-இலும் அதே இடத்தில் கரண்டியால் லேசாகச் சுரண்டியது போல ஒரு பள்ளம். நான்கும் ஒரே பெட்டியில் வந்தவை, ஓடிய தூரமும் ஒன்றே. வித்தியாசம், பொறிக்கு மின்சாரம் தரும் காயிலில் இருக்கிறது. இந்த எஞ்சினில் ஒரு காயில் இரண்டு பிளக்குக்குப் பொறி கொடுக்கிறது, 1-உம் 4-உம் ஒரு ஜோடி, 2-உம் 3-உம் இன்னொரு ஜோடி. ஜோடியில் ஒரு சிலிண்டர் அழுத்தும் நேரத்தில் மற்றது புகையைத் தள்ளிக்கொண்டிருக்கும். அங்கே விழும் பொறி வீண். மின்சாரம் ஒரு பிளக்கில் நடுமுனையிலிருந்து கம்பிக்குத் தாவினால், ஜோடியின் மற்ற பிளக்கில் கம்பியிலிருந்து நடுமுனைக்குத் தாவும். அப்படியானால் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றின் கம்பி தேய வேண்டும், 3-உம் 4-உம் தேய்ந்தது அதனால்தானா? அண்ணனிடம் கேட்டேன். ஆமாம், மின்சாரத்தின் திசைதான் என்றார்.

தெரிந்துகொள்ள வேண்டியது என்னவென்றால், இந்த வகை இரிடியம் பிளக்கில் விலையுயர்ந்த உலோகம் 0.6 மில்லி நடுமுனையில் மட்டும்தான் இருக்கிறது. வளைகம்பி சாதாரண நிக்கல். பொறி தலைகீழாகப் போகும் சிலிண்டரில் தேய்வது அந்த நிக்கல்தான். அங்கே இரிடியத்தின் நீண்ட ஆயுள் நமக்கு முழுதாகக் கிடைப்பதில்லை.

அப்புறம்தான் என்னைப் பயமுறுத்திய விஷயம். மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கரும்புள்ளிகள், நடுவில் இரண்டு மூன்று மட்டும் வெள்ளி நிறத்தில் மின்னின. கரும்புள்ளி என்றால் நாக், அதாவது கலவை தானாக வெடிப்பது, ஆரம்பித்திருக்கிறது. வெள்ளிப்புள்ளி என்றால் பிஸ்டன் அலுமினியம் துளித்துளியாக உருகிவந்து ஒட்டியிருக்கிறது. ஒரு தடவை பகாங் பக்கம் போனபோது 97 கிடைக்காமல் 95 ஊற்றிக்கொண்டு, வேகமாகவே திரும்பி வந்தேன். அதன் பங்கும் இதில் இருக்கலாம். ஆனால் மூன்றில் வளைகம்பி அடி வரைக்கும் நிறம் மாறியிருந்தது. இந்த பூஸ்டுக்கு 6 தாங்கவில்லை.

ஹாட் பிளக், கோல்ட் பிளக் என்ற பேச்சில்தான் பலருக்கும் குழப்பம். ஹாட் பிளக் போட்டால் எஞ்சின் சூடாகாது. பிளக்கின் முனைதான் சூட்டை அதிக நேரம் வைத்துக்கொள்ளும். அடுப்பில் ஒரே அளவு நேரம் வைத்த குட்டைக் கரண்டியையும் நீளக் கரண்டியையும் நினைத்துக்கொள்ளுங்கள். குட்டையில் சூடு சீக்கிரம் கைக்கு வந்துவிடும், நீளத்தில் முனையிலேயே தங்கும். பிளக்கில் அந்தக் கரண்டி பீங்கான் மூக்கு. கை என்பது தண்ணீர் ஓடும் சிலிண்டர் தலை. மூக்கு குட்டையாக இருந்தால் கோல்ட், நீளமாக இருந்தால் ஹாட். முனை சுமார் 450 முதல் 500 டிகிரியாவது எட்ட வேண்டும், அப்போதுதான் கரியைத் தானே எரித்துச் சுத்தமாகும். 800-ஐத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே முனையின் சூட்டிலேயே கலவை பற்றிக்கொள்ளும்; டர்போ எஞ்சினில் பிஸ்டனை ஓட்டை போடுவது இதுதான். ஒரு படி மாற்றினால் முனையின் சூடு 70 முதல் 100 டிகிரி வரை மாறும் என்பது என்ஜிகே சொல்லும் கணக்கு.

கடையில் எண் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் ஏற ஏற கோல்ட். பாஷிலும் சாம்பியனிலும் எண் ஏற ஏற ஹாட். பாஷ் 7-உம் என்ஜிகே 7-உம் ஒன்று என்று நினைத்து வாங்கினால் தப்பான பக்கம் போய்விடுவோம். டென்சோவில் 20 என்பது என்ஜிகே 6-க்குச் சமம், 22 என்பது 7, 24 என்பது 8.

ஆகவே 7 என்று முடிவு செய்தேன். 75 முதல் 100 குதிரை கூட்டினால் ஒரு படி கோல்ட் என்பது பொதுவான விதி. எவோ ஓட்டுபவர்கள் 7-ஐத்தான் தொடக்கமாக வைத்துக்கொள்கிறார்கள், அதற்கு மேல் நான் கூட்டியது அவ்வளவு இல்லை. இரிடியமா செம்பா என்ற கேள்வியை அதற்கப்புறம்தான் யோசித்தேன். செம்பு பிளக் என்று நாம் சொல்வதன் முனை செம்பு இல்லை, நிக்கல். செம்பு உள்ளே இருக்கிறது, இரிடியம் பிளக்கின் உள்ளேயும் அதே செம்புதான். இரிடியத்தின் மெல்லிய முனையில் பொறி தாவக் குறைந்த வோல்ட்டேஜ் போதும், ஆயுளும் அதிகம். அது உண்மையான நன்மை. ஆனால் எனக்கு இப்போது வேண்டியது அடிக்கடி கழற்றி, கேப் மாற்றிப் பார்த்து, மறுபடி போடுவதற்கு ஏற்ற பிளக். மெல்லிய இரிடியம் முனையில் கருவி பட்டால் உடைந்துவிடும். பத்து வெள்ளிப் பிளக்கில் அந்தப் பயம் இல்லை. நிக்கல் முனை வகையான பிபிஆர்7இஎஸ் என்று எழுதிக்கொண்டேன்.

முதல் கடையில் வாங்கிய நான்கும் போலி. பெட்டி சரியாக இருந்தது, விலையும் ஒன்றிரண்டு வெள்ளிதான் குறைவு. பட்டறையில் அண்ணன் வைத்திருந்த அசல் பிளக் ஒன்றைப் பக்கத்தில் வைத்ததும் தெரிந்துவிட்டது. அசலில் வளைகம்பி நடுமுனைக்கு நேர் மேலே நிற்கிறது; போலியில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அசலின் வாஷரைச் சுற்றினால் மரையில் தங்கிக்கொண்டு சுழல்கிறது, போலியில் விரலால் உருவி எடுக்க வந்தது. பீங்கானில் அச்சு எழுத்து நகம் பட்டதும் மங்கியது. கேப் நான்கிலும் நான்கு விதம். திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் பணத்தைத் தந்தார், அதுவே எனக்குப் பதில். பிளக் வாங்கும்போது பழைய அசல் ஒன்றைப் பையில் எடுத்துப் போங்கள். டர்போ எஞ்சினில் ஹீட் ரேஞ்ச் என்னவென்றே தெரியாத பிளக்கைப் போடுவது பெரிய ஆபத்து.

இரண்டாவது கடையில் அசல் கிடைத்தது. நான்கும் சேர்த்து 40 வெள்ளி.

அடுத்து கேப். இதைத்தான் நான் இந்தப் பதிவில் அதிகம் சொல்ல விரும்புகிறேன். டர்போ வண்டி பூஸ்டில் வெட்டுகிறது என்றால், பிளக்கின் பிராண்டைக் கேட்பதற்கு முன் கேப்பைக் கேட்க வேண்டும். காற்று எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ, அதைத் தாண்டப் பொறிக்கு அவ்வளவு வோல்ட்டேஜ் வேண்டும். இடைவெளி கூடினாலும் அப்படியே. 1.2 பார் பூஸ்ட் என்றால் வெளிக்காற்றோடு சேர்த்து 2.2 பாரில் காற்று உள்ளே நுழைகிறது. டர்போ இல்லாத வண்டியைவிட இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம், அதைப் பிஸ்டன் இன்னும் நசுக்குகிறது. அந்த நெருக்கத்தில் 1.1 மில்லியைத் தாண்டச் சொன்னால் பழைய காயிலால் முடியவில்லை. பாதி மிதியில் காற்று லேசாக இருந்ததால் அதே 1.1 எளிதாக இருந்தது. என் வண்டியின் குறை முழுதும் இதில் அடங்கிவிட்டது.

பொறிக்குத் தாண்ட முடியாவிட்டால் வேறு வழி தேடும். இரண்டாம் ஒயரின் ரப்பர் தொப்பியைத் திருப்பிப் பார்த்தபோது உள்ளே பென்சிலால் கோடு போட்டது போல மெல்லிய கருங்கோடு ஒன்று மேலிருந்து கீழாக ஓடியது. மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் குழிச் சுவருக்குத் தாவிய தடம். மல்டிமீட்டரில் மற்ற மூன்று ஒயரும் 5 கிலோ ஓம் அளவில் இருக்க, அது 14 காட்டியது. ஒயர் செட் மாற்றினேன். தொப்பியின் உள்ளே டைஎலக்ட்ரிக் கிரீஸ் ஒரு விரல்நுனி அளவு.

கேப் வைக்கும்போது நடுமுனையை நெம்பக் கூடாது, பீங்கான் விரிசல் விடும். வளைகம்பியின் முதுகை மரக்கட்டையில் மெதுவாகத் தட்டி இறக்கி, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் லேசாகப் பிடித்துக்கொண்டு வழுக்கும் வரை பார்த்தேன். முதலில் 0.7. ஒரு சாண் ரப்பர் குழாயைப் பிளக்கின் தலையில் மாட்டி அதாலேயே மரையைத் திருகி இறக்கினேன். மரை தப்பாகப் பிடித்தால் குழாய் வழுக்கிவிடும், தலை தப்பிக்கும். பிறகு டார்க் ரெஞ்சில் 27 நியூட்டன் மீட்டர்; 14 மில்லி பிளக்குக்கு அலுமினியத் தலையில் 25-க்கும் 30-க்கும் நடுவே இருக்க வேண்டும். மரையில் கிரீஸ் எதுவும் தடவவில்லை. தடவினால் ரெஞ்ச் காட்டும் அளவுக்கு மேல் இறுகி மரை இழுபடும்.

சோதனைக்கு மலைக்குப் போகவில்லை, ஷா ஆலமில், வண்டியை உருளையில் ஓட்டிச் சக்தியை அளக்கும் டைனோவை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்தேன். வெள்ளிப்புள்ளி பார்த்த பிறகு சாலையில் முழு மிதி மிதிக்க மனம் வரவில்லை. 0.7-இல் 1.1 பார் சுத்தமாகத் தாண்டியது. 1.2-இல், 5,800 சுற்றுக்கு மேல் டைனோ வரையும் கோட்டில் சின்ன நடுக்கம் மட்டும் மிச்சம். எஞ்சினை ஆறவிட்டு 0.6-க்கு இறக்கினோம். 7,000 வரை கோடு வழவழவென்று போனது. வைட்பேண்ட் 11.5-ஐ விட்டு அசையவில்லை. அந்த ஓட்டத்தின் முடிவில் சாவியை அணைத்து, சுற்று தானாக இறங்கவிட்டுப் பிளக்குகளைக் கழற்றினோம். ஐட்லிங்கில் விட்டால் முழு மிதியின் அடையாளம் கரியில் மறைந்துவிடும். வளைகம்பியில் நிற மாற்றம் வளைவுக்குப் பக்கத்தில் நின்றது. பீங்கானில் ஒரு புள்ளி இல்லை. அண்ணன் நான்கையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

இன்னும் இறக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: கேப் சிறியதாக ஆக, பற்றவைக்கும் தீப்பொறியும் சிறியதாகிறது. ஐட்லிங் தடுமாறும். வெட்டாமல் ஓடும் கேப்புகளில் பெரியது எதுவோ அதுவே சரியானது. எனக்கு அது 0.6.

நடுவில் 8-ஐயும் போட்டுப் பார்த்தேன், பிபிஆர்8இஎஸ், அதே 0.6. கோல்டாக இருந்தால் பாதுகாப்புதானே என்ற எண்ணம். இரண்டு வாரம் காலையில் ஃபெடரல் நெடுஞ்சாலை ஜாமில் ஓட்டினேன். காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தது, சிக்னலில் நின்றால் லேசாக இருமியது. கழற்றினால் நான்கும் உலர்ந்த கரியில் மூழ்கி, விரலில் மை போல ஒட்டியது. ஊர்ந்து போகும் ஓட்டத்தில் முனை தன்னைச் சுத்தம் செய்யும் சூட்டை எட்டவே இல்லை. செப்பாங்கில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நேர்ச்சாலையில் சுற்றுக்குச் சுற்று முழு மிதி மிதிக்கும் நாளுக்கு அவை பொருந்தும். துடைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன், டிராக் டேக்கு எடுத்துப் போவேன். தினசரிக்கு 7 திரும்பி வந்துவிட்டது.

போன வாரம் 5,000 கிலோமீட்டர் ஆனதும் மறுபடி கழற்றினேன். பீங்கான் வெளிறிய பழுப்பு. கேப் 1-இலும் 2-இலும் 0.62 அளவு, 3-இலும் 4-இலும் 0.66. அடித்து 0.6-க்குத் திருப்பிவிட்டேன். 10,000-இல் நான்கையும் மாற்றிவிடுவேன். மூன்றாம் குழியில் மறுபடி ஆயில் நிற்கிறது. பிளக் குழியின் சீல் செட் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் வால்வு கவரைத் திறக்க வேண்டும்.